டிஃபரென்ஷியல் கவர் போல்ட்: பலம் அல்ல, அளவுதான் முக்கியம்

ஆக்ஸிலில் உள்ள டிஃபரென்ஷியல் என்ற பல்சக்கரத் தொகுப்பின் ஆயிலை மாற்றிய மறுநாள், அதை மூடும் கவர் ஓரத்தில் ஈரம் தெரிந்தால், உடனே ஸ்பேனரை எடுத்து இன்னும் முறுக்கத்தான் தோன்றும். அது தவறு. பல வண்டிகளில் கவர் வெறும் தகடுதான். ஒரு போல்ட்டை மட்டும் அதிகமாக இறுக்கினால் துளையைச் சுற்றிப் பள்ளம் விழுந்து, பக்கத்து ஓரம் லேசாக எழும்பும். ஆயில் அந்த இடைவெளியில்தான் கசியும்.

1997 முதல் 2006 வரை வந்த ஜீப் ராங்ளரில் இந்த போல்ட்டை இறுக்க 41 நியூட்டன் மீட்டர், அதாவது 30 ஃபுட் பவுண்டு முறுக்குவிசை (டார்க்) போதும். வீல் நட்டுக்குக் கொடுப்பதில் பாதிகூடக் கிடையாது! உங்கள் வண்டியின் அளவை சர்வீஸ் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள்.

கவரைக் கழற்றும் முன், ஆயில் ஊற்றும் பிளக் திறக்கிறதா என்று பாருங்கள். அது துருப்பிடித்துச் சிக்கிக்கொண்டால், பழைய ஆயிலை இறக்கிவிட்டுப் புதிதை ஊற்ற வழியில்லாமல் நிற்க வேண்டியிருக்கும்.

கசிவைத் தடுக்கப் பூசியிருக்கும் பழைய சிலிக்கான் பசையைச் சுரண்டி, துளைகளுக்குள் தேங்கிய ஆயிலையும் துடைத்துவிடுங்கள். மரை ஈரமாக இருந்தால் டார்க் ரெஞ்ச் (இறுக்கும் அளவைக் காட்டும் ஸ்பேனர்) சரியான அளவு காட்டும்போதே போல்ட் கூடுதலாக இழுபட்டிருக்கும். அப்புறம் புதிய சிலிக்கான் பூசிக் கவரை வைத்து, எல்லா போல்ட்டையும் கையால் திருகிவிட்டு, எதிரெதிராக மாற்றி மாற்றி, முதலில் பாதி அளவுக்கும் அடுத்த சுற்றில் முழு அளவுக்கும் இறுக்குங்கள். சிலிக்கான் இறுகுவதற்கு அதன் டியூபில் அச்சிட்டிருக்கும் நேரம் முடிந்த பிறகே ஆயில் ஊற்றுங்கள்.