ஜீரோவைப் பார்த்தீர்கள், லிட்டர் விலையைப் பார்த்தீர்களா? பிரீமியம் பெட்ரோலில் நாம் செய்யும் தவறுகள்

தண்டையார்பேட்டைப் பக்கம் ஒரு பங்க்கில் 500 ரூபாய்க்குப் பெட்ரோல் போடச் சொன்னேன். "ஜீரோ பாத்துக்கோங்க சார்" என்றார் பையன். பார்த்தேன், ஜீரோதான். போட்டு முடித்த பிறகுதான் மீட்டரில் இருந்த மூன்றாவது எண் கண்ணில் பட்டது. லிட்டர் விலை. வழக்கத்தைவிட 8 ரூபாய் கூடுதல்.

"தம்பி, பிரீமியமா போட்ட?"

"ஆமா சார். வண்டிக்கு நல்லது சார்."

கேட்காமல் போட்டது அவர் தவறு. தொகை, லிட்டர், விலை என்று மூன்று எண் இருக்க, ஒன்றை மட்டும் பார்த்தது என் தவறு. டேங்க்கில் கால் லிட்டருக்கு மேல் குறைவாக இறங்கியிருந்தது. சண்டை போடும் அளவுக்குப் பெரிய தொகை இல்லை, அதனால்தான் யாரும் சண்டை போடுவதும் இல்லை. அன்றிலிருந்து வண்டியை நிறுத்தியதும் "சாதா பெட்ரோல்" என்று முதலில் வாயால் சொல்லிவிடுகிறேன்.

"வண்டிக்கு நல்லது" என்ற அந்த இரண்டு சொல்லில்தான் எல்லாக் குழப்பமும் இருக்கிறது. வடசென்னைக்காரர்களுக்குப் பெட்ரோல் ஒன்றும் தூரத்துச் சரக்கு இல்லை. மணலி சுத்திகரிப்பு ஆலை 1969இலிருந்து ஓடுகிறது. டேங்கர் லாரிக்குப் பின்னால் நின்று ஹாரன் அடித்தே பாதி வாழ்க்கை போய்விட்டது. ஆனாலும் டீக்கடையில் கேட்டுப் பாருங்கள், பிரீமியம் என்றால் "ஒசத்தி பெட்ரோல்", சாதா என்றால் "ஏதோ கலந்தது" என்றுதான் பேச்சு. பொன்னி அரிசிக்கும் ரேஷன் அரிசிக்கும் உள்ள வித்தியாசம் போல நினைத்துக்கொள்கிறோம்.

பங்க்கில் இரண்டையும் பிரித்துச் சொல்வது ஆக்டேன் எண்ணை வைத்துத்தான்: சாதா என்றால் 91, பிரீமியம் என்றால் 95 என்று வழக்கமாகச் சொல்வார்கள். அந்த எண் சொல்வது ஒரே ஒரு விஷயம்தான்: அந்தப் பெட்ரோல் எவ்வளவு அழுத்தத்தையும் சூட்டையும் தாங்கும் என்பது. இஞ்சினுக்குள் பெட்ரோலும் காற்றும் சேர்ந்து அமுக்கப்படும்போது, பிளக் பொறி வைத்த பிறகு ஒழுங்காக எரிய வேண்டும். சில நேரம் ஒரு பகுதி முந்திக்கொண்டு தானே வெடித்துவிடும். அதுதான் நாக்கிங். மெக்கானிக் பாஷையில் "இஞ்சின் தட்டுது". ஆக்டேன் எண் கூடக்கூட இந்த முந்திரிக்கொட்டைத்தனம் குறையும். அவ்வளவுதான். 95 என்பதால் 91ஐவிட அதிக சக்தி அதற்குள் அடைத்து வைக்கப்பட்டிருக்கவில்லை. அமுக்கம் அதிகமுள்ள இஞ்சினுக்கும் டர்போ இஞ்சினுக்கும் இந்தத் தாங்கும் குணம் தேவை. அது தேவைப்படாத இஞ்சினுக்குப் போட்டால் சும்மா எரிந்து புகையாகப் போகும்.

கார் சொல்வதைக் கேட்காமல் மச்சான் சொல்வதைக் கேட்பது

பெட்ரோல் மூடியைத் திறந்தால் உட்புறம் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். இல்லாவிட்டால் கையேட்டில் இருக்கும். குறைந்தபட்சம் 91 என்று போட்டிருந்தால் கதை முடிந்தது, சாதா போதும். 95 என்று மட்டும் போட்டிருந்தால் 95 போட வேண்டும். சிக்கல் மூன்றாவது வகையில்தான்: 95 நல்லது, 91 பரவாயில்லை என்று இரண்டும் போட்டிருக்கும் வண்டிகள். டர்போ வண்டிகள் சிலவற்றில் இதைப் பார்க்கலாம்.

என் மச்சானுடைய டர்போ இந்த வகை. "டேய், ஸ்டிக்கர்லயே 95 போட்டிருக்கான், நீ என்னடா சாதா போடச் சொல்ற?" என்பார். அவர் சொல்வதில் பாதி நியாயம் உண்டு. இப்படிப்பட்ட வண்டியில் நாக் சென்சார் என்று ஒன்று இருக்கிறது. தட்டல் வந்தால் கம்ப்யூட்டர் பொறி வைக்கும் நேரத்தைக் கொஞ்சம் தள்ளிவைக்கும். இஞ்சினுக்குக் கெடுதல் வராது, பிக்கப் மட்டும் கொஞ்சம் குறையும். அதிக ஆக்டேன் போட்டால் அந்தத் தள்ளிவைப்பு தேவைப்படாது. மே மாத வெயிலில், ஏசி முழுசாக ஓட, நாலு பேர் உட்கார்ந்து போகும்போது வித்தியாசம் தெரியவும் செய்யலாம்.

சரி, பணக் கணக்கு? அமெரிக்காவின் வாகன ஓட்டிகள் சங்கமான ஏஏஏ 2017இல் இப்படி "பரிந்துரை" மட்டும் உள்ள வண்டிகளைச் சோதித்தது. சராசரியாக மைலேஜ் கூடியது 2.7 சதவீதம். சாதா லிட்டர் 100 ரூபாய், பிரீமியம் 108 என்று வைத்துக்கொள்வோம். விலை கூடியது 8 சதவீதம். 15 கி.மீ. கொடுக்கும் வண்டி 16.2 கொடுத்தால்தான் போட்ட காசு திரும்பும். 2.7 சதவீதத்துக்கு 15.4தான் வரும். ஓட்டும் சுகத்துக்காக என்றால் போடலாம், மச்சான் அதற்காகத்தான் போடுகிறார். மிச்சமாகும் என்று சொல்லாமல் இருந்தால் சரி.

சாதா போதும் என்று வடிவமைத்த வண்டிகளை அதே சங்கம் 2016இல் சோதித்திருந்தது. குறிப்பிடும்படி ஒன்றுமே கூடவில்லை. மாதம் 800 கி.மீ. ஓட்டுபவருக்கு மேலே சொன்ன கணக்கில் வருடத்துக்கு 5,000 ரூபாய்க்கு மேல் போகும். அதில் ஒரு சர்வீஸ் முடித்துவிடலாம்.

அமெரிக்க வீடியோ பார்க்கிறவர்களுக்கு இடையில் ஒரு வார்த்தை. அங்கே பங்க்கில் 87 என்று எழுதியிருப்பதைப் பார்த்து "நம்மூர் 91 அவங்க பிரீமியம்" என்று சிலர் சந்தோஷப்படுகிறார்கள். அவர்கள் எண்ணும் முறை வேறு. அங்கத்திய 87 ஏறக்குறைய நம்மூர் 91தான்.

கும்மிடிப்பூண்டி மைலேஜ்

எனக்கு மிகவும் பிடித்த தவறு இது. எங்கள் தெருவில் ஒருவர், "பிரீமியம் போட்டேன், 12லேர்ந்து 17க்கு ஏறிடுச்சு" என்றார். எங்கே ஓட்டினீர்கள் என்று கேட்டேன். சாதா போட்ட மாதம் முழுக்க எண்ணூர் விரைவுச் சாலையில் வேலைக்குப் போயிருக்கிறார். துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் லாரி வரிசைக்கு நடுவில், முதல் கியரிலும் இரண்டாம் கியரிலும் ஊர்ந்து ஊர்ந்து. பிரீமியம் போட்ட வாரம் குடும்பத்தோடு திருப்பதி. கும்மிடிப்பூண்டி தாண்டி நெடுஞ்சாலையில் 80இல் வைத்து ஓட்டினால் மண்ணெண்ணெய் தவிர எதை ஊற்றினாலும் 17 வரும்!

உண்மையிலேயே பார்க்க வேண்டுமென்றால் ஒரே பங்க்கில், ஒரே கன்னில், தானாகக் கட் ஆகும் வரை நிரப்புங்கள். கி.மீ. குறித்துக்கொள்ளுங்கள். வீட்டிலிருந்து வேலைக்குப் போகும் அதே பாதையிலேயே ஓட்டி, மறுபடி அதே இடத்தில் நிரப்பி, ஓடிய தூரத்தை உள்ளே போன லிட்டரால் வகுங்கள். சாதாவில் மூன்று டேங்க், பிரீமியத்தில் மூன்று டேங்க். டயர் காற்று இரண்டுக்கும் ஒன்றாக இருக்கட்டும். டேஷ்போர்டு காட்டும் எண்ணை நம்பாதீர்கள். நான் என் வண்டியில் செய்து பார்த்தேன். வந்த வித்தியாசம், வியாசர்பாடியில் ஒரு நாள் மாட்டிக்கொண்டால் காணாமல் போகிற அளவு.

தட்டலுக்கு மருந்தாகப் பிரீமியம்

இதை நானே செய்து மாட்டியிருக்கிறேன். மூலக்கடை மேம்பாலம் ஏறும்போது இஞ்சினில் சில்லறைக் காசைக் குலுக்கினாற்போல ஒரு சத்தம். யாரோ சொன்னதைக் கேட்டுப் பிரீமியம் போட்டேன். சத்தம் போய்விட்டது. ஆகா என்று இரண்டு மாதம் அதையே போட்டு ஓட்டினேன். அப்புறம் அதிலும் சத்தம் வர ஆரம்பித்தது.

மெக்கானிக் பக்கத்தில் உட்கார்ந்து அதே பாலத்தில் ஏறச் சொன்னார். பாதி ஏறியதுமே, "அண்ணே, மொதல்ல கியர மாத்துங்க. நாலுல போட்டு மிதிச்சா அது அழத்தான் செய்யும்" என்றார். அப்புறம் பிளக்கைக் கழற்றிக் காட்டினார். நுனி வெள்ளையாகப் பொரிந்திருந்தது. ரேடியேட்டரில் கூலண்ட் பாதிதான் இருந்தது, ஹோஸில் மெல்லிய கசிவு. இஞ்சின் அளவுக்கு மீறிச் சூடாகி, அதனால் தட்டியிருக்கிறது. ஆக்டேன் கூடிய பெட்ரோல் அந்தச் சூட்டையும் தாங்கிக்கொண்டு, கசிவை இரண்டு மாதம் என்னிடமிருந்து மறைத்து வைத்திருக்கிறது. ஹோஸுக்கும் பிளக்குக்கும் ஆன செலவு, நான் பிரீமியத்துக்கு அதிகமாகக் கொடுத்ததைவிடப் பெரிதாக ஒன்றும் இல்லை. 91 போதும் என்று போட்டிருக்கும் வண்டி 91இல் தட்டினால் பங்க்குக்குப் போகாதீர்கள், ஒர்க் ஷாப்புக்குப் போங்கள்.

எத்தனால் இல்லாத பெட்ரோல் என்று நம்பி வாங்குவது

இ20, அதாவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல், வந்த பிறகு பரவிய நம்பிக்கை இது. பயத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. எத்தனாலில் சக்தி பெட்ரோலைவிட ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைவு, அதனால் மைலேஜ் கொஞ்சம் குறையத்தான் செய்யும். பழைய வண்டிகளின் ரப்பர் பாகங்களைப் பற்றியும் கவலை உண்டு. ஆனால் 95 என்று எழுதியிருப்பதாலேயே அதில் எத்தனால் கிடையாது என்று அர்த்தம் ஆகிவிடாது. எத்தனால் சேர்த்தாலே ஆக்டேன் எண் கூடும். பெட்ரோலிய அமைச்சகமே 2025 ஆகஸ்டில், இ20 கலப்பால் சாதா பெட்ரோலின் எண் 91இலிருந்து 95க்கு உயர்ந்துவிட்டதாகச் சொன்னது. அப்படியென்றால் 95க்காகத் தனியாகக் காசு கொடுப்பவர் எதற்குக் கொடுக்கிறார் என்று கேட்கத் தோன்றுகிறது.

அதில் கலக்கும் சுத்திகரிப்பு ரசாயனத்துக்கு என்பார்கள். அது நிஜமான சரக்குதான், இன்ஜெக்டரில் படியும் அழுக்கைக் குறைக்கும். ஆனால் நேரடியாக சிலிண்டருக்குள் பெட்ரோல் பீய்ச்சும் வண்டிகளில் இன்டேக் வால்வு மேல் பெட்ரோல் படுவதே இல்லை. அங்கே படியும் கரியை எந்த பிரீமியமும் கழுவாது.

மழைக்காலத்தில் இன்னொன்று. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்துக்குப் பிறகு "பிரீமியம்னா தண்ணி கலந்திருக்காது" என்று ஒருவர் என்னிடம் சத்தியம் செய்தார். பங்க் முழுகினால் பூமிக்கடியில் இருக்கும் எல்லா டேங்க்கும் ஒன்றுதான். தண்ணீர் போதுமான அளவு சேர்ந்தால் எத்தனாலையும் இழுத்துக்கொண்டு அடியில் தங்கும், அதைத்தான் பம்ப் முதலில் உறிஞ்சும். தண்ணீர் நின்ற பங்க்கைச் சில நாள் தவிர்த்துவிடுவது நல்லது. சந்தேகம் இருந்தால் ஃபில்டர் பேப்பர் சோதனையும் 5 லிட்டர் அளவுச் சோதனையும் கேட்கலாம், அது வாடிக்கையாளரின் உரிமை. அன்றைய அடர்த்தியையும் காட்டச் சொல்லலாம். முகம் சுளிப்பார்கள், பரவாயில்லை, கேளுங்கள்.

நூறு என்றால் நூற்றுக்கு நூறா?

100 ஆக்டேன் பெட்ரோலை இந்தியன் ஆயில் 2020 டிசம்பரில் அறிமுகப்படுத்தியபோது டெல்லியில் லிட்டர் 160 ரூபாய். 95 கேட்கும் வண்டிக்கு 95க்கு மேல் போடுவதால் அதன் கம்ப்யூட்டருக்குப் பெரிதாகச் செய்ய ஒன்றும் இருக்காது. பந்தய வண்டியோ, மாற்றியமைத்த இஞ்சினோ வைத்திருப்பவர்கள் வாங்கட்டும். டீசல் வண்டிக்காரர்கள் ஆக்டேன் பேச்சிலேயே சேர வேண்டாம், அங்கே எண்ணும் வேறு, பெயரும் வேறு: சீட்டேன்.

95 மட்டும்தான் என்று எழுதிய வண்டியை வைத்துக்கொண்டு, மீஞ்சூர் தாண்டி நடு இரவில் சாதா மட்டும் கிடைக்கிறது என்றால் பயந்துபோய்த் தள்ளிக்கொண்டு வர வேண்டாம். பத்து லிட்டர் போடுங்கள், ஏற்கெனவே இருப்பதோடு கலந்தாலும் ஒன்றும் ஆகாது. அழுத்தி மிதிக்காமல், பாலத்தில் கியரைக் குறைத்து ஏறி வீடு வந்து சேருங்கள். அடுத்த முறை 95ஐ நிரப்பிக்கொண்டால் போதும்.