பெசன்ட் நகரிலிருந்து முட்டுக்காடு வரை: கரையோர நடையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஸ்பெயினைச் சேர்ந்த மெனோர்கா தீவைச் சுற்றிக் கடலோரமாகவே ஒரு பழைய குதிரைப் பாதை போகிறது. 185 கிலோமீட்டர். திரும்பும் இடமெல்லாம் பாறை வளைவு, அதற்குள் ஒளிந்த குட்டிக் கடற்கரை, பைன் மர நிழல். அந்தப் படங்களைப் பார்த்துவிட்டு, நம்ம ஊரிலும்தான் கடல் இருக்கிறதே என்று ஒரு மே மாதம் நானும் கிளம்பினேன்.

சென்னைக் கரையில் ஒதுங்க வளைவு கிடையாது. அடையாறு முகத்துவாரத்தில் உடைந்த பாலத்தருகே நின்று தெற்கே பார்த்தால் முட்டுக்காடு வரை ஏறக்குறைய நேர்கோடுதான், 20 கி.மீ.க்கு மேல். நேர்கோடுதானே, சுலபம் என்று நினைத்ததுதான் என் முதல் தவறு. இட்லி சாப்பிட்டுவிட்டு நிதானமாக எட்டு மணிக்குப் புறப்பட்டது இரண்டாவது. ஈஞ்சம்பாக்கம் வருவதற்குள் தண்ணீர் தீர்ந்துவிட்டது. கிழக்குக் கடற்கரைச் சாலை பக்கத்தில்தான் இருக்கிறது, ஆனால் நடுவில் வரிசையாக மதில்கள். எந்தச் சந்து சாலைக்குப் போகும், எது யார் வீட்டு வாசலில் முட்டும் என்று தெரியாமல் சுடுமணலில் அலைந்தேன். புறப்படும் முன்பே வரைபடத்தில் நாலைந்து வெளியேறும் சந்துகளைக் குறித்து வையுங்கள். விடிவதற்கு முன் கிளம்பினால் பாதி தூரம் வெயிலுக்கு முன்னாலேயே முடிந்துவிடும். மாதம் என்றால் ஜனவரி கடைசியும் பிப்ரவரியும்தான் என் தேர்வு. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் சில இடங்களில் அலை மதில் வரைக்கும் ஏறிவிடும், நடக்க மணலே இருக்காது.

கரையின் சரிவை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. தெற்கு நோக்கிப் போனால் கடல் இடப்பக்கம். அப்படியென்றால் இடது கால் வழி முழுக்கத் தாழ்ந்தே ஊன்றும். மூன்று மணி நேரத்தில் முட்டி பேச ஆரம்பித்துவிடும். கடல் உள்வாங்கியிருக்கும் வற்ற நேரமாகப் பார்த்துப் போனால் ஈரமணல் இறுகி, ஓரளவு சமமாகவும் கிடைக்கும். சென்னையில் கடல்மட்டத்தின் ஏற்ற இறக்கம் பெரிதில்லை. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டியே ஒரு மீட்டர் அளவுதான். ஆனால் அந்த ஒரு மீட்டர் உங்கள் முட்டிக்குப் பெரிய வித்தியாசம். வெறுங்கால் ஆசை வேண்டாம், பாட்டில் சில்லும் தூண்டில் முள்ளும் கிடக்கும்.

சரி, தண்ணீருக்கு வருவோம். வியர்த்து நடப்பவர்கள் ஒரு முங்கு போடலாம் என்று தேடுவது அலை உடையாத, அமைதியான இடத்தை. அதுதான் பொறி. இரண்டு பக்கமும் அலை உடைந்து, நடுவில் மட்டும் சாதுவாகத் தெரிந்தால், கரைக்கு வந்த தண்ணீர் அந்த வழியாகத்தான் கடலுக்குத் திரும்பிக்கொண்டிருக்கும். அதில் மாட்டினால் கரையை நோக்கி எதிர்நீச்சல் போடக்கூடாது. கரைக்கு இணையாக நீந்தி அந்த இழுவையை விட்டு விலகி, பிறகுதான் கரைக்குத் திரும்ப வேண்டும். பெசன்ட் நகரில் எல்லோரும் சாய்ந்து படமெடுக்கும் அந்த வெள்ளை மண்டபம், 1930 டிசம்பர் 30 அன்று பிறரைக் காப்பாற்றப் போய் மூழ்கி இறந்த ஷ்மிட் என்ற டென்மார்க்காரரின் நினைவிடம். அதன் நிழலில் உட்கார்ந்து எழுந்து நேராகக் கடலில் இறங்குகிறவர்களைப் பார்த்தால் எனக்கு என்னவோ செய்யும்.

பெசன்ட் நகரை ஒட்டிய ஊரூர் குப்பத்து மீனவர்கள் தெற்கிலிருந்து வடக்கே ஓடும் நீரைத் தெண்டி என்றும், வடக்கிலிருந்து தெற்கே வருவதை வன்னி என்றும் சொல்வார்கள். வருடத்தின் பெரும்பகுதி மணல் வடக்கேதான் நகர்கிறது. 1870களில் துறைமுக வேலை தொடங்கியபின் அந்த மணல் தடுக்கப்பட்டு மெரினா அகன்றது, ராயபுரம் பக்கம் கடல் கரையைத் தின்றது. ஒரு நகரத்தின் கரையையே மாற்றிய நீரோட்டம் அது. இறங்கிய இடத்திலேயே ஏறலாம் என்று நம்பிப் பையைக் கரையில் வைத்துவிட்டுப் போகாதீர்கள்.

குப்பங்களைக் கடக்கும்போது அது அவர்கள் வேலை செய்யும் இடம் என்பது மறந்துபோகும். காயும் வலையை மிதிப்பது, கருவாட்டுக்கு நடுவே புகுந்து போவது, பெரிய வலை இழுக்கும்போது விறைத்து நிற்கும் கயிற்றைத் தாண்டுவது, கேட்காமல் படமெடுப்பது. "அண்ணே, இப்படிப் போகலாமா?" என்று ஒரு வார்த்தை கேட்டால் போதும், வழியோடு சேர்த்து அன்றைய கடல் நிலவரமும் கிடைக்கும்.

ஜனவரி முதல் ஏப்ரல் வரை இருட்டில் நடப்பவர்களுக்கு ஒன்று: செல்போன் டார்ச்சை அணையுங்கள். பங்குனி ஆமைகள் முட்டையிட ஏறும் காலம் அது. குஞ்சுகள் வெளிச்சம் இருக்கும் திசையைக் கடல் என்று நினைத்து ஊர்ந்து போகும். மணலில் டிராக்டர் சக்கரம் போனதுபோல் ஒரு தடம் கண்டால் அழித்துவிடாதீர்கள். 1988 முதல் மாணவர் தன்னார்வலர்கள் நீலாங்கரைக்கும் பெசன்ட் நகருக்கும் இடையே இரவு முழுக்க நடந்து தேடுவது அந்தத் தடத்தைத்தான்.

கரையில் நீலப் பலூன்போல ஏதாவது ஒதுங்கியிருந்தால் தொட வேண்டாம். ஜெல்லிமீன் போன்ற உயிர் அது, செத்தாலும் கொட்டும்.

அப்புறம் முட்டுக்காடு முகத்துவாரம். கோடையில் மணல் மூடிக் கிடக்கும், மழைக்குப் பின் திறந்து ஓடும். அடுத்த கரையில் கோவளம் கண்ணுக்குத் தெரியும்போது பாலத்தைச் சுற்றிப் போக யாருக்கும் மனம் வராது. இன்னொரு முறை, பிப்ரவரியில், பேன்ட்டை மடித்துக்கொண்டு நான் இறங்கப் போனபோது வலை பிரித்துக்கொண்டிருந்த பெரியவர் தலையைத் தூக்கவில்லை. "நேத்து முழங்கால் தண்ணி தம்பி. இன்னைக்கு எவ்ளோன்னு எனக்கே தெரியாது" என்றார். மடிப்பைப் பிரித்துவிட்டுப் பாலத்துக்கு நடந்தேன்.