தாத்தாவின் நாட்டுத் துப்பாக்கி வெடிக்காமல் போனதும் நான் சரிசெய்ததும்

வேதாரண்யம் பக்கம் கடலை போட்டிருக்கிறோம். ராத்திரி பன்றி வந்தால் காலையில் பாத்தி உழுது போட்ட மாதிரி கிடக்கும். தாத்தா காலத்துத் துப்பாக்கி, குழல் வாய் வழியாக மருந்து கெட்டிக்கிற ரகம், பயிர்ப் பாதுகாப்பு லைசென்ஸ் உண்டு. அந்தக் காலத்தில் இதை வைத்து மான் வேட்டையாடினார்களாம். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்கு அப்புறம் அது குற்றம், கோடியக்கரையில் வெளிமான் இன்னும் மேய்கிறது. நான் குண்டு போடுவதில்லை, வெறும் மருந்துச் சத்தம்தான்.

போன ஐப்பசியில் கேப் (சுத்தி தட்டினால் பொறி விட்டு மருந்தைப் பற்றவைக்கும் சின்ன மூடி) 'டிக்' என்றது, வெடிக்கவில்லை. அவசரப்பட்டுக் குழலை முகத்துக்கு நேரே திருப்பிவிடாதீர்கள், மருந்து தாமதமாகப் பற்றிக்கொள்ளும். நான் ஆளில்லாத பக்கம் நீட்டியபடி ரெண்டு நிமிஷம் அப்படியே நின்றேன். மறுநாள் பழகிய ஆளை வைத்து மருந்தை வெளியே எடுத்த பிறகு, கேப் உட்காரும் காம்பைக் கழற்றிப் பார்த்தால் ஊசி நுழையும் ஓட்டை முழுக்கக் கறுப்புப் பசை. கருமருந்து எரிந்த கசடு ஈரத்தை இழுக்கும், எங்கள் உப்புக்காற்றில் ஒரே ராத்திரியில் கசிந்துவிடும். எண்ணெய் விட்டுத் துடைத்தது என் தப்பு, எண்ணெயில் அந்தக் கசடு கரையாது. சோப்புப் போட்ட வெந்நீரைக் குழலில் ஊற்றி, கம்பியில் துணி சுற்றித் தேய்த்தேன். நாலாவது தடவைதான் தண்ணீர் தெளிந்து வந்தது. வெயிலில் நன்றாகக் காயவைத்து அப்புறம்தான் லேசாக எண்ணெய் போட்டேன், கெட்டிப்பதற்கு முன் அதையும் துடைத்துவிட வேண்டும். மருந்தை இப்போது இறுக மூடிய டப்பாவில் வைக்கிறேன். தை வரை ஒரு தடவைகூட ஏமாற்றவில்லை.