எழுத்து பளிச், படம் மட்டும் மங்கலா?

வீட்டில் இன்டர்நெட் பார்க்கும்போது படங்கள் மங்கலாகத் தெரிந்தால் ரவுட்டரைக் கழற்றி மாட்டுவது, பேக்கேஜை மாற்றுவது என்று தொடங்கிவிடுவோம். அதெல்லாம் பிறகு. முதலில் படத்துக்குப் பக்கத்தில் உள்ள எழுத்தைப் பாருங்கள்.

எழுத்தும் மங்கல், ண எது ன எது என்று தெரியவில்லை, திரையின் மூலையில் உள்ள நேரம்கூடக் கலங்கலாக இருக்கிறது என்றால் இன்டர்நெட்டைக் குறை சொல்லாதீர்கள், பிழை திரைப் பக்கம். கல்முனையிலோ மட்டக்களப்பு டவுனிலோ பாவித்த கொம்பியூட்டர் வாங்கி வந்தால் இது சாதாரணமாக வரும், ஏனென்றால் விண்டோஸைப் புதிதாகப் போட்டவர் கிராபிக்ஸ் டிரைவரை, அதாவது திரையில் படத்தைச் சரியாகக் காட்ட வைக்கும் மென்பொருளை, போடாமல் விட்டிருப்பார். டெஸ்க்டாப்பில் ரைட் கிளிக் பண்ணி டிஸ்பிளே செட்டிங்ஸுக்குப் போய், ரெசலூஷனில் (திரையில் அகலத்துக்கும் உயரத்துக்கும் எத்தனை பிக்சல், அதாவது புள்ளி, என்ற அளவு) 'ரெகமெண்டட்' என்று இருப்பதைத் தெரிவு செய்யுங்கள். 1366×768 மொனிட்டரில் 1024×768 வைத்தால் எல்லாமே இழுபட்டுத்தான் தெரியும். சரியான அளவு பட்டியலிலேயே இல்லையா? டிவைஸ் மேனேஜரில் டிஸ்பிளே அடாப்டர்ஸைத் திறந்து பாருங்கள், 'மைக்ரோசொப்ட் பேசிக் டிஸ்பிளே அடாப்டர்' என்று மட்டும் இருந்தால் டிரைவர் இல்லை என்று அர்த்தம், இன்டெலோ ஏஎம்டியோ அந்தந்தக் கம்பனியின் தளத்திலிருந்தே இறக்குங்கள்.

கொம்பியூட்டரையும் மொனிட்டரையும் இணைப்பது நீலத் தலை உள்ள விஜிஏ கேபிள் என்றால் இரண்டு பக்கத் திருகுகளையும் இறுக்கிவிட்டு மொனிட்டரில் 'ஆட்டோ' பட்டனை அழுத்துங்கள். எச்டிஎம்ஐ ஓட்டை இருந்தால் அதற்கே மாறிவிடுவது நல்லது. டிவியை மொனிட்டராக வைத்திருப்பவர்கள் டிவியின் படஅளவு செட்டிங்கில் 'ஜஸ்ட் ஸ்கேன்' அல்லது 'ஸ்கிரீன் ஃபிட்' போடுங்கள், ஓரம் வெட்டுப்படுவதும் நிற்கும்.

சரி, எழுத்து பளிச்சென்று இருக்கிறது, படம் மட்டும்தான் மங்கல். கண்ட்ரோலையும் பூச்சியத்தையும் சேர்த்து அழுத்துங்கள், பிரவுசர் பெரிதாக்கிக் காட்டிக்கொண்டிருந்தால் பழைய அளவுக்கு வரும். அப்புறம் படத்தின் மேல் ரைட் கிளிக் பண்ணிப் புதிய டேபில் திறந்தால், குரோமில் அந்த டேபின் தலைப்பிலேயே படத்தின் அளவு இருக்கும். 300 பிக்சல் அகலப் படத்தை 900க்கு இழுத்துக் காட்டினால் எந்த செட்டிங்காலும் அதைத் தெளிவாக்க முடியாது. பிள்ளைக்கு ஓஎல் (சாதாரண தரப் பரீட்சை) கடந்தகால வினாத்தாள் தேடுகிற பெற்றோர் மாட்டுவது இங்கேதான்: கூகுள் தேடலில் வரும் சின்னப் படத்தை அப்படியே சேவ் பண்ணி, கடையில் பிரிண்ட் எடுத்த பிறகு வினா இலக்கம்கூட வாசிக்க முடியவில்லை என்பார்கள். அது வெறும் முன்னோட்டம், அந்தத் தளத்துக்குள் போய் உண்மையான படத்தையோ பிடிஎஃப்பையோ எடுக்க வேண்டும்.

போனில் பார்ப்பவர்கள் டேட்டா மிச்சம் பிடிக்கும் வசதிகளைத் தேடுங்கள். ஓபரா மினியில் படத்தின் தரத்தை 'லோ' என்று எப்போதோ வைத்துவிட்டு மறந்திருப்பீர்கள், அதை 'ஹை' ஆக்குங்கள். ஆண்ட்ராய்டின் டேட்டா சேவர் போட்டிருந்தாலும் சில தளங்கள் சின்னப் படத்தையே அனுப்பும். குரோமில் லைட் மோடை நிறுத்தச் சொல்லும் பழைய அறிவுரையைத் தேடி அலைய வேண்டாம், 2022இலேயே கூகுள் அந்த மோடையே எடுத்துவிட்டது.

படம் முதலில் மங்கலாக வந்து கொஞ்ச நேரத்தில் தெளிந்தால் அது பிழையே இல்லை, பல தளங்கள் வேண்டுமென்றே அப்படித்தான் அனுப்புகின்றன. தெளியாமல் பாதியிலேயே நின்றுவிடுவதுதான் பிரச்சினை. கண்ட்ரோல், ஷிப்ட், ஆர் மூன்றையும் அழுத்திப் பக்கத்தைப் புதிதாக எடுங்கள். இரவு எட்டு மணிக்கு, பக்கத்து வீடெல்லாம் நாடகம் பார்க்கிற நேரத்தில் மட்டும் இப்படி நடந்தால், வேறு கம்பனி சிம் போட்ட போனில் ஹொட்ஸ்பொட் போட்டு அதே பக்கத்தைத் திறந்து பாருங்கள். அதில் தெளிவாக வந்தால் உங்கள் இணைப்பில்தான் குறை. 4ஜி ரவுட்டரை அலுமாரிக்குள் வைத்திருந்தால் ஜன்னலோரம் மாற்றுங்கள், மாடி இருந்தால் மேலே கொண்டுபோங்கள், அதற்கும் சரிவராவிட்டால் கம்பனிக்குக் கோல் எடுக்கலாம். எல்லா இணைப்பிலும் அந்த ஒரு தளம் மட்டும் மங்கல் என்றால் அவர்கள் போட்ட படமே அப்படித்தான், உங்கள் பக்கம் செய்ய எதுவும் இல்லை.