பயனர்தள டிரைவரில் முகவரி முறையைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

பயனர்தளத்தில், அதாவது கர்னலுக்கு வெளியே, இயங்கும் டிரைவர் ஒரு பஃபரின் முகவரியை நெட்வொர்க் கார்டிடம் கொடுக்கும்போது, மெய்நிகர் முகவரிகளைப் பௌதிக முகவரிகளோடு பொருத்தும் அந்த நிரலின் பக்க அட்டவணையைக் கார்டு பார்ப்பதில்லை. கொடுத்த எண்ணை அப்படியே பஸ்ஸில் அனுப்புகிறது. அந்த எண் நினைவகத்தின் பௌதிக முகவரியா, நிரல் பயன்படுத்தும் மெய்நிகர் முகவரியா என்பதே இங்கே எடுக்க வேண்டிய முடிவு. பயனர்தளத்திலிருந்தே நெட்வொர்க் பாக்கெட்டுகளைக் கையாள உதவும் நிரலகத் தொகுப்பான டிபிடிகே இவற்றை முறையே பிஏ, விஏ என்று அழைக்கிறது. ஒரு செயல்முறை முழுவதற்கும் ஒரே முறைதான் செல்லும்.

முதலில் பார்க்க வேண்டியது ஐஓஎம்எம்யூ இயங்குகிறதா என்பது. மெய்நிகர் முகவரியைப் பௌதிக முகவரியாக மாற்றித் தருவது அந்த வன்பொருள்தான் என்பதால், அது இல்லாமல் விஏ முறைக்கு இடமில்லை. சிஸ் கோப்பு முறையில் கர்னல் அடைவின் கீழுள்ள ஐஓஎம்எம்யூ குழுக்களின் அடைவு வெறுமையாக இருந்தால், பயாஸ் அமைப்பையும் கர்னலின் துவக்க அளவுருக்களையும் சரிபார்க்க வேண்டும். சாதனத்தைப் பயனர்தள நிரல் கையாள வழிசெய்யும் கர்னல் அமைப்பான விஎஃப்ஐஓவிடம் ஒப்படைப்பதற்கு முன்பே இதைப் பார்ப்பது நல்லது. ஏனெனில், ஐஓஎம்எம்யூ இல்லாமல் விஎஃப்ஐஓவைப் பயன்படுத்தும் பாதுகாப்பற்ற முறையும் அதே அடைவில் குழுக்களை உருவாக்கிப் பார்ப்பவரை ஏமாற்றிவிடும்.

ஐஓஎம்எம்யூ இருந்து, சாதனம் விஎஃப்ஐஓவுடன் இணைக்கப்பட்டிருந்தால் விஏ முறையையே தேர்ந்தெடுக்கலாம். இதற்கு முதற்காரணம் அனுமதி. பௌதிக முகவரியை அறிய டிரைவர் கர்னலின் பேஜ்மேப் கோப்பைப் படிக்கிறது. ஆனால் லினக்ஸ் 4.2 முதல், உரிய நிர்வாக அனுமதி இல்லாத செயல்முறைக்கு அந்தக் கோப்பு பக்க எண்ணுக்குப் பதில் சுழியத்தையே தருகிறது. விஏ முறையில் இந்தத் தேவையே எழுவதில்லை என்பதால் ரூட் அனுமதியின்றி நிரலை இயக்க முடியும். இரண்டாவது காரணம் தொடர்ச்சி. 2 எம்பி ஹியூஜ்பேஜ்கள் (வழக்கத்தைவிடப் பெரிய நினைவகப் பக்கங்கள்) பௌதிக நினைவகத்தில் சிதறிக் கிடந்தாலும், மெய்நிகர் வெளியில் அவை அடுத்தடுத்து அமைவதால், பெரிய நினைவகத் தொகுதியை ஒரே துண்டாகச் சாதனத்திடம் காட்ட முடிகிறது. பிஏ முறையில் இதே வசதியைப் பெற 1 ஜிபி ஹியூஜ்பேஜ்களைத் துவக்கத்திலேயே ஒதுக்கி வைக்க வேண்டியிருக்கும்.

பிஏ முறை தவிர்க்க முடியாத இடங்களும் உண்டு. ஐஓஎம்எம்யூவைப் பயன்படுத்தாத எளிய கர்னல் இடைமுகமான யூஐஓ வழியாக இணைத்த சாதனத்துக்கும், மேலே சொன்ன ஐஓஎம்எம்யூ இல்லாத விஎஃப்ஐஓவுக்கும் அது ஒன்றே வழி. அங்கே ரூட் அனுமதி தேவை என்பது மட்டுமல்ல. டிரைவரில் ஒரு தவறான முகவரி புகுந்துவிட்டால் சாதனம் கர்னலின் நினைவகத்தின் மீதே எழுதக்கூடும், அதைத் தடுக்க இடையில் எவரும் இல்லை. சோதனைக் கணினியில் பொறுத்துக்கொள்ளலாம். பலர் பகிர்ந்துகொள்ளும் சேவையகத்தில் இதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

பலரும் கவனிக்கத் தவறுவது முகவரியின் அகலம். எக்ஸ்86 64 பிட் லினக்ஸில் பயனர்தள முகவரிகள் வழக்கமாக 47 பிட் வரை, அதாவது 128 டெராபைட் வரை நீளும். ஐஓஎம்எம்யூ 39 பிட்டை மட்டுமே ஏற்றால் 512 ஜிபிக்கு மேற்பட்ட முகவரி எதையும் அதில் பதிய முடியாது. மெய்நிகர் இயந்திரங்களை இயக்கும் மென்பொருளான க்யூஇஎம்யூ போலச்செய்யும் இன்டெல் ஐஓஎம்எம்யூவில் நீண்ட காலம் 39 பிட்டே இயல்பு அளவாக இருந்ததால், மெய்நிகர் இயந்திரத்துக்குள் இந்தச் சிக்கலை அதிகம் காணலாம். அகலத்தை 48 பிட்டாக உயர்த்துவது, நினைவகத்தின் தொடக்க மெய்நிகர் முகவரியைத் தாழ்வாக அமைப்பது, இரண்டும் இயலாதபோது பிஏ முறைக்கு மாறுவது என்ற வரிசையில் முயல்வது நல்லது.

முறையைக் குறிப்பிடாவிட்டால் டிபிடிகே தானே ஒன்றைத் தேர்ந்து, எதைத் தேர்ந்தது என்பதைத் துவக்கப் பதிவில் எழுதுகிறது. யூஐஓவில் ஒரு கார்டும் விஎஃப்ஐஓவில் ஒரு கார்டும் கலந்திருந்தால் இந்த வரியைக் கட்டாயம் பார்க்க வேண்டும். தேர்ந்த முறைக்கு ஒவ்வாத சாதனம் துவக்கப்படாமல் விடப்படும். கட்டளை வரியில் முறையை வலிந்து விதித்தாலும் இதே விளைவுதான். சோதனையை ரூட்டாக நடத்தினால் பேஜ்மேப் சிக்கல் வெளியே தெரியாது; எனவே, நிரல் இறுதியில் எந்தப் பயனரின் அனுமதியோடு இயங்கப்போகிறதோ அதே அனுமதியோடு, நினைவகப் பூட்டு வரம்பும் (ஒரு செயல்முறை நினைவகத்தில் நிலையாகப் பூட்டிவைக்கக்கூடிய அளவு) அதே அளவில் இருக்கும்படி சோதிக்க வேண்டும்.