மல்டிவேரியபிள் கால்குலஸ்: படம் போட்டுவிட்டு லிமிட் போடுங்கள்

பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறையில் டிகிரி பிள்ளைகளுக்குக் கணக்கு டியூஷன் எடுக்கிறேன். சித்தூர், வேலந்தாவளம், மீனாட்சிபுரம் பக்கத்திலிருந்து வருவார்கள். பாதிப் பேர் பள்ளியில் தமிழ் மீடியம். கல்லூரியில் புத்தகம் ஆங்கிலம், சாரின் விளக்கம் மலையாளம், மனசுக்குள் ஓடுவது தமிழ். அதைக்கூடச் சமாளித்துவிடுகிறார்கள். ஆனால் மல்டிவேரியபிள் கால்குலஸ், அதாவது ஒன்றுக்கு மேற்பட்ட மாறிகள் வரும் கால்குலஸ் வந்ததும், இன்டக்ரேஷன் அத்துப்படியாகத் தெரிந்தவன்கூட எந்த லிமிட்டிலிருந்து எந்த லிமிட் வரை என்று போடத் தெரியாமல்தான் மார்க்கைக் கோட்டை விடுகிறான்.

செமஸ்டர் தொடங்கும் முன்னேயே இரண்டு வேலையை முடித்துவிடுங்கள். பழைய ஒற்றை மாறி இன்டக்ரேஷனில் சப்ஸ்டிட்யூஷனும் பை பார்ட்ஸும் யோசிக்காமல் வர வேண்டும். வெக்டரில் டாட், கிராஸ் இரண்டும் கைக்குப் பழகியிருக்க வேண்டும். பிறகு போனில் ஜியோஜீப்ரா 3டி என்ற வரைபட ஆப்பை இறக்கி, பரபோலாய்டு, கோன், சிலிண்டர் எல்லாவற்றையும் விரலால் சுழற்றிப் பாருங்கள். பார்த்தால் மட்டும் போதாது, அதே வடிவத்தை ரஃப் நோட்டில் கையால் வரைய வேண்டும். ஓவியம் மாதிரி இருக்கத் தேவையில்லை. எந்த முகம் மேலே, எந்த முகம் கீழே என்று தெரிந்தால் சரி.

முதலில் மிரட்டுவது லிமிட் இருக்கிறதா என்ற கேள்வி. இது இன்டக்ரலின் எல்லையான லிமிட் இல்லை; ஒரு புள்ளியை நெருங்கும்போது சார்பு எந்த மதிப்பை நெருங்குகிறது என்பது. ஒற்றை மாறியில் இடமிருந்தும் வலமிருந்தும் பார்த்தால் தீர்ந்தது. இங்கே ஒரு புள்ளிக்கு வர ஆயிரம் வழி. எக்ஸ் ஸ்கொயர் பெருக்கல் ஒய் என்பதை, எக்ஸ் பவர் 4 கூட்டல் ஒய் ஸ்கொயரால் வகுத்துப் பாருங்கள். ஆதிப்புள்ளிக்கு எந்த நேர்கோட்டில் போனாலும் 0 வருகிறது. ஒய் சமம் எக்ஸ் ஸ்கொயர் என்ற பரபோலாவில் போனால் 1/2. ஆக, லிமிட் இல்லை. இல்லை என்று காட்ட இரண்டு வழி போதும். உண்டு என்று காட்ட எத்தனை வழி போட்டாலும் போதாது, சார்பை இரண்டு பக்கமும் நெருக்கிப் பிடிக்கும் ஸ்க்வீஸ் தியரம் போன்ற வேறு வாதம் வேண்டும்.

பார்ஷியல் டெரிவேட்டிவ் சுலபம், அதில் அதிக நேரம் போட வேண்டாம். செயின் ரூலுக்கு மட்டும் மரப்படம் போடுங்கள். சேடில் பாயின்ட் புரியாவிட்டால் நம் பாலக்காட்டுக் கணவாயை நினைத்துக்கொள்ளுங்கள். வடக்கே நீலகிரி, தெற்கே ஆனைமலை, அந்த இரு பக்கமும் ஏற்றம். மேற்கே தண்ணீர் பாரதப்புழைக்கு இறங்குகிறது, கிழக்கே நொய்யலுக்கு. நடுவே எங்கேயோ மேடும் அல்லாத பள்ளமும் அல்லாத ஓர் இடம். அங்கே இரண்டு பார்ஷியலும் 0, ஆனால் மேக்ஸிமமும் இல்லை, மினிமமும் இல்லை. செகண்ட் டெரிவேட்டிவ் டெஸ்டில் கணக்கிடும் டி என்ற எண் நெகட்டிவ் என்றால் அதுதான் சேடில். டி 0 ஆகிவிட்டால் அந்த டெஸ்ட் எதுவும் சொல்லாது, அதை வைத்துக்கொண்டு விடை எழுதாதீர்கள்.

ஒரு நிபந்தனைக்குள் மேக்ஸிமம், மினிமம் தேடும் லக்ராஞ்ச் முறைக்கு ஒரே எச்சரிக்கை: சமன்பாட்டை எக்ஸாலோ ஒய்யாலோ வகுக்கும் முன் அது 0 ஆகுமா என்று கேளுங்கள். அவசரமாக வகுத்தால் ஒரு விடை சத்தமில்லாமல் காணாமல் போகும்.

இனி டபுள் இன்டக்ரல். ஈ பவர் ஒய் ஸ்கொயர்; உள்ளே ஒய், எக்ஸிலிருந்து 1 வரை; வெளியே எக்ஸ், 0-விலிருந்து 1 வரை. அப்படியே ஆரம்பித்தால் முதல் வரியிலேயே முட்டும், நமக்குத் தெரிந்த சார்புகளை வைத்து அதற்கு ஆன்டிடெரிவேட்டிவ் எழுத முடியாது. பென்சிலை எடுங்கள். பரப்பு ஒரு முக்கோணம். முனைகள் (0,0), (0,1), (1,1). கொடுத்திருக்கும் வரிசை செங்குத்தான அம்பு: சாய்ந்த கோட்டில் நுழைந்து மேல்கோட்டில் வெளியேறுகிறது. இப்போது அதே முக்கோணத்தில் படுக்கையாக ஓர் அம்பு விடுங்கள். எக்ஸ் 0-வில் நுழைந்து, எக்ஸ் சமம் ஒய்யில் வெளியே வருகிறது. ஒய் 0-விலிருந்து 1 வரை. உள் இன்டக்ரல் முடிந்ததும் ஒரு ஒய் முன்னால் வந்து உட்காரும். சப்ஸ்டிட்யூஷன் போட்டால் விடை (ஈ − 1)/2. படம் வரையாமல் லிமிட்டை இடம் மாற்றி மட்டும் எழுதுபவர்களுக்கு, கடைசி விடையில் எக்ஸ் ஒட்டிக்கொண்டு நிற்கும். விடை எண்ணாக வரவில்லை என்றால் அங்கேயே நிறுத்துங்கள்.

எக்ஸ், ஒய்யை விட்டு ஆரமும் கோணமும் கொண்ட போலாருக்கு மாறும்போது ஆர் ஒன்றைக் கூடப் பெருக்க வேண்டும். மறந்தீர்களா என்று பார்க்க வழி இருக்கிறது: ஆரம் 1 உள்ள வட்டத்தில் வெறும் 1-ஐ இன்டக்ரேட் செய்யுங்கள். பை வந்தால் சரி, 2 பை வந்தால் ஆர் விட்டுப்போயிற்று.

வகுப்பில் விட்டதைப் பிடிக்க எம்ஐடி ஓப்பன்கோர்ஸ்வேரில் 18.02 என்ற பாடம் இலவசமாக இருக்கிறது. ஓடவிட்டுக் கேட்டுக்கொண்டிருக்காமல், கணக்கு வரும்போது நிறுத்தி நீங்களே போட்டுப் பாருங்கள்.

கடைசி யூனிட், எல்லை வளைவின் மேலான இன்டக்ரலைப் பரப்பின் மேலான இன்டக்ரலோடு இணைக்கும் கிரீன், ஸ்டோக்ஸ் தியரங்கள். ஸ்டோக்ஸ் தியரம் முதலில் அச்சானதே 1854-இல் கேம்பிரிட்ஜின் ஸ்மித் பரிசுத் தேர்வுத்தாளில் ஒரு கேள்வியாகத்தான். அந்தத் தேர்வை எழுதியவர்களில் இயற்பியலாளர் மேக்ஸ்வெல்லும் ஒருவர். அதனால் பரீட்சைக்குப் பயந்து இந்த யூனிட்டைச் சாய்ஸில் விடாதீர்கள்! ஒவ்வொரு தியரத்துக்கும் நிபந்தனைகளைத் தமிழிலேயே உங்கள் சொந்த வாக்கியத்தில் எழுதி வையுங்கள். கிரீனுக்கு: வளைவு மூடியிருக்கிறதா, உள்ளே ஃபீல்டு வரையறுக்கப்படாத புள்ளி ஏதும் இல்லையே, நடக்கும்போது பரப்பு இடது கைப்பக்கம் இருக்கிறதா. வலது பக்கம் இருந்தால் விடைக்கு முன்னால் ஒரு மைனஸ்.