பழைய பாக்கியோடு தொடங்குங்கள்: ஆண்டுக் கணக்கு முடித்துப் புத்தாண்டு இலக்கு எழுதும் முறை

காரைக்குடியில் ஓர் இரும்புக் கடையில் கணக்கு எழுதுகிறேன். ஊரார் கணக்கையெல்லாம் ஐந்தொகை (வருட முடிவில் போடும் இருப்புநிலைக் கணக்கு) பிசகாமல் முடித்துக் கொடுக்கிற நான், என் ஆத்துமாவின் கணக்கில் மூன்று வருடம் தோற்றேன். ஒவ்வொரு டிசம்பர் 31 இரவும் ஆராதனை முடிந்து வந்து, தூக்கக் கலக்கத்தில் “ஜெபத்தில் வளர வேண்டும்” என்று எழுதுவேன். பொங்கலுக்குள் நோட்டு பரணுக்குப் போய்விடும். நாலாவது வருடம் தவறு பிடிபட்டது. அதைத்தான் இங்கே படிப்படியாக எழுதுகிறேன்.

முதலில் நாள். 31ஆம் தேதி வேண்டாம். கிறிஸ்துமஸ் பலகாரம் தீர்ந்து விருந்தாளிகள் கிளம்பிய பிறகு, 27இலிருந்து 30க்குள் இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள். சுவர்க் காலண்டர், வங்கிப் பாஸ்புக், கைப்பேசியில் எடுத்த படங்கள் மூன்றும் பக்கத்தில் இருக்கட்டும். நம் ஞாபகம் நமக்குச் சாதகமாகவே பேசும், பாஸ்புக் பேசாது.

நோட்டு விஷயத்தில் நான் பிடிவாதக்காரன். கடைகளில் இனாமாகத் தரும் தேதி போட்ட டைரி வேண்டவே வேண்டாம். நாலு நாள் வெற்றாகக் கிடந்தால் ஐந்தாம் நாள் திறக்கவே மனம் வராது. கைப்பேசிச் செயலியும் எனக்கு ஒத்துவரவில்லை. கோடு போட்ட நீளக் கணக்கு நோட்டும் நீலப் பேனாவும் போதும். கடைப் பேரேட்டில் முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி போடுவார்கள். நான் ஒரு சிலுவை போட்டு, அதன் கீழே “இம்மட்டும்” என்று எழுதுகிறேன். வேதாகமத்தில் சாமுவேல் தீர்க்கதரிசி ஒரு கல்லை நிறுத்தி எபெனேசர் (உதவியின் கல்) என்று பெயரிட்டபோது, “இம்மட்டும் கர்த்தர் எங்களுக்கு உதவி செய்தார்” என்று சொன்ன சொல்.

அடுத்து வரவு. ஜனவரியிலிருந்து மாதம் மாதமாகப் பெற்றதை எழுதுங்கள். “ஆண்டவர் ஆசீர்வதித்தார்” என்று ஒரே வரியில் முடித்தால் அது கணக்கல்ல. “மார்ச்: அம்மாவின் கண் அறுவைச் சிகிச்சை நல்லபடி முடிந்தது; மருத்துவமனையில் துணைக்கு இருந்தது எதிர்வீட்டு அக்கா” என்று ஆளும் இடமும் தெரிய எழுதுங்கள்.

பிறகு பற்று, அதாவது தவறியவை. இங்கே ஆளை அமுக்குகிற ஒரு பொறி உண்டு: எல்லாக் குற்றத்தையும் எழுதத் தொடங்கினால் பக்கம் போதாது, மனமும் தாங்காது. நான் படித்தது தேவகோட்டையில் சேசு சபையார் என்ற கத்தோலிக்கத் துறவிகளின் பள்ளியில். (1693இல் ஓரியூரில் உயிர் கொடுத்த அருளானந்தரின் சபை அது. நான் சி.எஸ்.ஐ. என்ற சீர்திருத்தத் திருச்சபைக்காரன்; நல்லது எங்கிருந்தாலும் எடுத்துக்கொள்வேன்.) அவர்களின் நிறுவனர் இக்னேஷியஸ் 16ஆம் நூற்றாண்டிலேயே ஒரு வழி சொல்லியிருக்கிறார். ஒரே ஒரு குறையை எடுத்துக்கொள்ள வேண்டும். ஒரு நாளுக்கு இரண்டு கோடு. மதிய உணவுக்குப் பின் ஒன்றிலும் இரவு உணவுக்குப் பின் மற்றதிலும், தவறிய ஒவ்வொரு முறைக்கும் ஒரு புள்ளி. வார முடிவில் புள்ளிகளை ஒப்பிட வேண்டும். கணக்கப்பிள்ளைக்கு இதைவிட நல்ல ஆன்மீகப் பயிற்சி கிடையாது. எனக்கு வாய்த்த குறை, வாடிக்கையாளரிடம் எரிந்து விழுவது.

இப்போது நான் இடறிய இடம்: நிலுவை.

எந்தக் கடையிலும் புதுப் பேரேடு வெற்றாகத் தொடங்காது. போன வருடத்துப் பாக்கிதான் அதன் முதல் வரி. நானோ ஒவ்வொரு ஜனவரியிலும் வெள்ளைப் பக்கத்தைத் திறந்தேன். என் நிலுவை என்னவென்றால், பொதுக் கிணற்று மோட்டார் பழுது பார்த்ததில் சித்தப்பாவுக்கு நான் தர வேண்டிய 3,200 ரூபாய். பேச்சு முற்றி, போக்குவரத்தே நின்றுவிட்டது. காணிக்கையைப் பலிபீடத்தண்டையில் வைத்துவிட்டு முதலில் சகோதரனோடு ஒப்புரவாகு என்று மத்தேயு 5இல் இருக்கிறது. அதை நான் ஞாயிறு பள்ளியில் பிள்ளைகளுக்கு நடத்தியே இருக்கிறேன்! ஜெபம் வளராததில் வியப்பென்ன? அந்த ஜனவரி முதல் சனிக்கிழமை தேவகோட்டைக்குப் பஸ் ஏறினேன். பணத்தை இரண்டு முறை எண்ணிப் பார்த்த சித்தப்பா, “சாப்பிட்டுவிட்டுப் போ” என்றார். வேறொன்றும் பேசவில்லை.

ஆகவே தனிப் பக்கம் எடுத்து, யாருக்கு என்ன பாக்கி என்று எழுதுங்கள்: பணம், மன்னிப்பு, கொடுத்த வாக்கு.

இலக்குகள் இந்தப் பக்கத்திலிருந்தே பிறக்கட்டும். மூன்றுக்கு மேல் வேண்டாம். அமெரிக்கப் போதகர் ஜோனத்தன் எட்வர்ட்ஸ் 1722, 1723இல் 70 தீர்மானங்கள் எழுதி, வாரம் ஒருமுறை வாசிக்க வேண்டுமென்றும் குறித்துக்கொண்டார். அவர் எட்வர்ட்ஸ். நமக்கு மூன்று. “ஜெபத்தில் வளர வேண்டும்” என்பதை “காலை 5.30க்கு ஒரு சங்கீதம்” என்று மாற்றினேன். மொத்தம் 150, ஜனவரி 1இல் தொடங்கினால் மே 30இல் முடியும்.

பழைய இலக்கு ஒன்று காய்க்கவே இல்லையா? லூக்கா 13இல் அத்திமரத்துக்கு இன்னொரு வருடம் கேட்ட தோட்டக்காரன், சுற்றிலும் கொத்தி எருப் போடுவதாகவும் சொல்கிறான். உங்கள் எரு எது என்று பக்கத்திலேயே எழுதுங்கள். இல்லையென்றால் அந்த இலக்கை அடித்துவிடுங்கள்.

ஒவ்வோர் இலக்கின் முன்னும் “ஆண்டவருக்குச் சித்தமானால்” என்று சேர்ப்பது யாக்கோபு 4இலிருந்து. இன்ன பட்டணத்துக்குப் போய் ஒரு வருடம் வியாபாரம் செய்வோம் என்று பேசுகிறவர்களுக்கு அவர் சொன்னது அது. செட்டிநாட்டில் இதை விளக்க வேண்டியதில்லை. வட்டிக் கடை நடத்த, மூன்று வருடத் தவணைக்கு (அதைத்தான் ‘கணக்கு’ என்பார்கள்) பர்மா போனவர்களின் ஊர் இது. 1942இல் யுத்தம் அங்கே வந்தபோது எத்தனை ஐந்தொகை எழுத்தாகவே நின்றுபோயிற்று!

மாதத்தின் முதல் ஞாயிறு திருவிருந்துக்கு முந்திய சனி இரவு, நோட்டைத் திறந்து பாருங்கள். பத்து நிமிடம்.

பிற்சேர்க்கை 1: “மன்னிக்கப்பட்ட பாவத்தை ஏன் மறுபடி எழுதுகிறீர்கள்?” என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. பற்றுப் பக்கத்தை அறிக்கையிட்டு ஜெபித்ததும் குறுக்கே கோடு போட்டுவிடுகிறேன். ஆனால் தேவன் மன்னித்ததால் சித்தப்பாவின் 3,200 தீர்ந்துவிடாது. இயேசுவைச் சந்தித்த வரி வசூலிப்பவன் சகேயு, அநியாயமாக வாங்கியதை நாலத்தனையாக (நாலு மடங்காக) திருப்பித் தருவதாக எழுந்து நின்று சொன்னான்.

பிற்சேர்க்கை 2: புத்தாண்டு ஆராதனையில் கிடைக்கும் வாக்குத்தத்த அட்டையை (அந்த வருடத்துக்கென்று வேத வசனம் அச்சிட்ட அட்டை) இலக்காக எழுதலாமா என்று இருவர் கேட்டார்கள். கூடாது. அது ஆண்டவர் நமக்குத் தருவது. வரவுப் பக்கத்தில் ஒட்டுங்கள்.

பிற்சேர்க்கை 3: கணவன் மனைவிக்கு ஒரே நோட்டா? தனித்தனி. நிலுவைப் பக்கத்தை மட்டும் மாற்றி வாசியுங்கள். என் மனைவியின் பக்கத்தில் என் பெயர் இரண்டு இடத்தில் இருந்தது. ஒன்றை பிப்ரவரியில் தீர்த்தேன். மற்றது சமையலறைக் குழாய்.